கொழும்பில் ஒரு லீவு நாள்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



செயலாளர் தம்பி என்னிடம் வந்து, “வாலிபரும் நல்லொழுக்கமும்” என்ற பொருளில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்றார். அந்தப் பொருளைப் பற்றி இதே மேடையில் மூன்று முறை பேசியிருக்கிறேன். எனக்கும் அது மனப்பாடம், உங்களுக்கும் மனப்பாடம். ஆகவே இம்முறை பொருளை நானே தெரிந்தெடுக்க அனுமதி கேட்டேன். பெரிய மனதோடு அவர் சம்மதித்தார். பேசி முடித்த பின் அவர் வருத்தப்பட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வீடு வந்த பையன்கள் ஏழெட்டுப் பேர் கோயில் வாசலில் நின்றார்கள். “கொழும்பிலே என்னவெல்லாம் பார்த்தீர்கள், தம்பிமாரே?” என்று கேட்டேன். காலிமுகத்திடல் என்றான் ஒருவன். தெஹிவளை மிருகக்காட்சிசாலை என்றான் இன்னொருவன். 2022ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தாமரைக் கோபுரத்தில் ஏறி நின்று எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினான் மூன்றாவது பையன். எல்லாம் சரிதான், நானும் அந்தக் கடற்கரையில் இறால் வடை தின்றவன்தான். ஆனால் ஆறு வருஷமாகப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கும் பையன் மாத்திரம், “எங்கே ஐயா? கடை, அறை, மறுபடி கடை. லீவு நாளில் தூக்கம்” என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் அது.

1974ஆம் ஆண்டு, தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்ற காலம். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பதினேழு வயதில் என்னைப் பதுளை ஸ்டேஷனில் இரவு ரெயிலில் ஏற்றிவிட்டார் என் தகப்பனார். 1924ஆம் ஆண்டு நம் ஊருக்கு வந்து சேர்ந்த அந்தப் பாதை, கொழும்பு வரை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். விடிய விடிய விழித்திருந்தேன். புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் வேலை. சாக்குத் தூக்குவது, சாமான் கட்டுவது, இரவில் கடைப் பலகைகளுக்கு மேலேயே பாய் விரித்துப் படுப்பது. சம்பளத்தைப் பற்றியும் முதலாளியின் வாயைப் பற்றியும் இங்கே சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. முதல் வருஷம் ஐம்பத்திரண்டு ஞாயிறும் சினிமாக் கொட்டகையில் போயிற்று. அது வீண் என்று சொல்லமாட்டேன்; நல்ல படங்களும் இருந்தன.

அந்தக் கடையில் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர் இருந்தார். இராமநாதபுரம் பக்கத்துக்காரர். கணக்கப்பிள்ளை ஐயா என்போம். ஒருநாள் அவர், “நாளைக்குப் படம் பார்க்காதே, என்னோடு வா, இரண்டு பஸ் காசு போதும்” என்றார். அடுத்த நாள் எங்கே கூட்டிப்போனார் தெரியுமா? நூதனசாலைக்கு. மியூசியம் என்று சொன்னால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்கும்.

கறுவாத்தோட்டத்தில், விஹாரமகாதேவி பூங்காவுக்கு அப்பால், அரண்மனை போல வெள்ளையாக நிற்கிறது அது. கவர்னர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற இஸ்லாமியப் பெரியார். உள்ளே போனால் கண்டி ராசாவின் சிம்மாசனம், கிரீடம் எல்லாம் இருக்கின்றன. கூட்டம் அங்கேதான் நிற்கும். 1815இல் பிரிட்டிஷார் கொண்டுபோய், 1934இல் திருப்பிக் கொடுத்த பொருள்கள் என்பதால் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கணக்கப்பிள்ளை ஐயா அங்கே நிற்கவில்லை. நேரே வெண்கலச் சிலைகள் இருக்கும் இடத்துக்குப் போனார். போனவர், செருப்பைக் கழற்றிவிட்டார்! காவற்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். நானும் வெட்கப்பட்டுக்கொண்டே கழற்றினேன்.

அங்கே நிற்பவை பொலன்னறுவையில் சிவாலயங்கள் இருந்த இடங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் மண்ணிலிருந்து தோண்டி எடுத்த திருவுருவங்கள். சோழர் காலத்துச் சைவ மரபின் சொத்து. ஆனந்த குமாரசுவாமி 1914இல் இவற்றைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். சேர் பொன்னம்பலம் அருணாசலமும் கட்டுரை எழுதினார். நடராசப் பெருமானைப் பார்த்ததும் கைகூப்பத் தோன்றும், அதில் புதுமையில்லை. எனக்குப் புதுமையாக இருந்தது பக்கத்தில் நின்ற இளைஞனின் உருவம். உடல் நிறைய ஆபரணம், கலியாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை போல. முகத்தில் ஒரு திகைப்பு; திடீரென்று யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல. “இது யார் என்று தெரிகிறதா?” என்று கேட்டார் ஐயா. தெரியவில்லை. “சுந்தரமூர்த்தி நாயனார். மணப்பந்தலிலே சுவாமி வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டி வழக்காடினாரே, அந்தப் பிள்ளை” என்றார். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிப் பரீட்சை எழுதிய கதை. அந்தக் கதைக்கு ஒரு முகம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் அதோடு விடவில்லை. “இந்தச் சுந்தரரும் சம்பந்தரும் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடியிருக்கிறார்கள். கேதீச்சரம் எங்கே இருக்கிறது? மன்னாரிலே. உன் பாட்டனுக்குப் பாட்டன் தோணியால் இறங்கி மாத்தளைக்குக் கால்நடையாய்ப் போகத் தொடங்கியதும் அந்த மன்னார்க் கரையிலேதான்” என்றார். காட்டு வழியே எத்தனை பேர் வாந்திபேதியில் விழுந்தார்கள் என்பதை நம் பெரியவர்கள் தங்கள் பெரியவர்களிடம் கேட்டிருப்பார்கள். நாயனாரையும் என் பாட்டனையும் ஒரே கரையில் நிறுத்தி எனக்கு யாரும் அதற்கு முன் காட்டியதில்லை. அன்று கடைக்குத் திரும்பிச் சாக்குத் தூக்கியபோது பாரம் குறையவில்லை. ஆனால் தூக்கியவன் கொஞ்சம் மாறியிருந்தான்.

அந்த நூதனசாலையில் தவறவிடக்கூடாத இன்னொன்று ஒரு கல். மூன்று மொழியில் எழுதிய கல். 1911ஆம் ஆண்டு காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்ததை ஒரு எஞ்சினியர் கண்டெடுத்தார். சீனத்துக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. கல்லில் உள்ள காலம் 1409. சீன மொழியில் புத்தபகவானுக்கும், பாரசீக மொழியில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. தெனாவரை என்பது மாத்தறைக்கு அப்பாலுள்ள தெவிநுவர. அங்கே இருந்த பெருங்கோயிலைப் பறங்கியர் 1588இல் இடித்தார்கள். சீனச் சக்கரவர்த்தியின் ஆட்கள் இந்தத் தீவுக்கு எழுதிக் கொண்டுவந்த கல்லில் தமிழ் இருக்கிறது என்றால், அக்காலத்துத் துறைமுகங்களில் நம் மொழி எப்படி வழங்கியிருக்க வேண்டும் என்பதை நீங்களே யோசியுங்கள். எழுத்து தேய்ந்திருக்கிறது. ஒரு சொல்லாவது எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். கண் பழகினால் ஒன்றிரண்டு எழுத்து அகப்படும்.

நூதனசாலைக்குப் போகிறவர்கள் ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். இரண்டு பொருளைப் பார்த்துவிட்டு, வெளியே மரத்தடியில் இருந்து கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு வாருங்கள். பண்டிகை நாட்களில் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, காசே இல்லாத நாளுக்கு ஒரு வழி சொல்கிறேன். புறக்கோட்டையில் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? மற்ற நாட்களில் நாட்டாமைமாரின் கைவண்டிகளுக்கு ஒதுங்கவே கண் போதாது. ஞாயிறன்றுதான் கட்டடங்களுக்கு மேல்மாடி உண்டு என்பதே தெரியவரும். சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை இப்போது வெள்ளைக்காரர்கள் எல்லாம் வந்து படம் எடுக்கிறார்கள். 1909இல் கட்டி முடித்தது, இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளின் முயற்சி. அதைக் கடந்து மெயின் வீதி முடியும் இடத்துக்குப் போனால் பழைய நகர மண்டபம் வரும், 1873ஆம் ஆண்டுக் கட்டடம். மேல்மாடியில் பழைய நகரசபை அங்கத்தவர்களைப் பொம்மைகளாகச் செய்து மேசையைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். காவலாளி நல்ல மனநிலையில் இருந்தால் காட்டுவார். ஒருவரோடொருவர் சண்டை பிடிக்காமல் இருக்கும் சபை அது ஒன்றுதான் என்று கணக்கப்பிள்ளை ஐயா சொல்வார்.

அதற்கருகே ஒரு மணிக்கூண்டு. கேமன்ஸ் கேற் என்று பெயர். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை வாசல் இருந்த இடம். ஒல்லாந்து மொழியில் கேமன் என்றால் முதலையாம். கோட்டையைச் சுற்றிய நீரில் முதலைகள் இருந்தனவாம். தொங்கும் மணி கோட்டேயில் பறங்கியர் காலத்துத் தேவாலயம் ஒன்றின் மணி. நான் நாலு வருஷம் தினமும் அந்த வழியாக மிளகாய் மூட்டை தள்ளியிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

அங்கிருந்து ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் போய், நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்குள் நுழைந்தால் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடிவேல் விழாவுக்கு இங்கிருந்துதான் வேற்பெருமான் தேரேறிப் பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளுவார். 1874ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம். நகரத்தார் அமைத்த கோயில்கள். தோட்டத்துக்கு வந்த அரிசிக்கும் துரைமாரின் முன்பணத்துக்கும் பின்னால் இந்தத் தெருவின் பெட்டகங்கள் இருந்தன. நம்முடைய தலைக்கடனும் பற்றுச்சீட்டும் ஏதோ ஒரு வகையில் இங்கே எழுதப்பட்ட கணக்குத்தான். அதை நினைத்துக்கொண்டு கும்பிட்டால் கோபமும் வரும், பக்தியும் வரும். இரண்டும் சேர்ந்து வருவதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

தெருவைத் தாண்டிக் கொச்சிக்கடைப் பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் பொன்னம்பலவாணேசுரம். இதைத் தெரியாதவர்கள் உண்டா என்பீர்கள். கோயிலுக்குப் போயிருப்பீர்கள், கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தந்தையார் பொன்னம்பல முதலியார் 1857இல் எழுப்பிய கோயிலை, இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை முழுக் கருங்கல்லால் திரும்பக் கட்டினார். சுண்ணாம்புப் பூச்சும் வர்ணமும் இல்லாத கல். தூண்களைத் தொட்டுப் பாருங்கள். கொழும்பு வெயிலில் வெந்து உள்ளே போனால் குளிர்ந்த குகைக்குள் நுழைந்தது போல இருக்கும். அர்ச்சனைச் சீட்டுக்குக் கூட்டத்தில் நிற்பதற்கு முன், ஒரு தூணடியில் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கொழும்பில் பத்து நிமிஷம் சும்மா உட்கார இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு கோயில், பலருக்குத் தெரியாதது. மருதானைக்கும் கோட்டைக்கும் இடையில் ரெயில் மெதுவாகப் போகும் இடத்தில், பாதைகளை அடுத்தாற்போல் இருக்கிறது கப்பித்தாவத்தைக் கைலாசநாதர் கோயில். கொழும்பின் மிகப் பழைய சைவக் கோயில் என்று பலரும் சொல்வர். கப்பித்தா என்பது கப்பித்தான். கப்பித்தானின் தோட்டம் என்று அர்த்தம். எத்தனை ஆயிரம் முறை நம்மவர்கள் ரெயிலிலிருந்து இறங்கும் அவசரத்தில், பெட்டியைத் தலைக்கு மேலிருந்து இறக்கிக்கொண்டு, அந்தக் கோயிலுக்கு முதுகைக் காட்டியிருப்போம்!

ரெயிலைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. கொழும்பை நெருங்கும்போது றாகமை ஸ்டேஷன் வரும். இப்போது அங்கே பெரிய ஆஸ்பத்திரி. அந்தப் பக்கத்தில்தான் முன்னர், பிளேக் நோய்ப் பயத்தினால், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரை இறக்கித் தங்கவைத்துச் சோதித்த முகாம் இருந்தது. பின்னர் அந்த வேலையை மண்டபம் முகாம் செய்தது. போயர் யுத்தக் கைதிகளையும் 1901ஆம் ஆண்டளவில் றாகமையில் வைத்திருந்தார்கள். நம் தியத்தலாவையில் அவர்களை ஆயிரக்கணக்கில் வைத்திருந்தது உங்களுக்குத் தெரிந்ததே. ரெயில் அங்கே ஒரு நிமிஷம்தான் நிற்கும். இறங்க வேண்டாம். ஜன்னலால் பார்த்தால் போதும்.

சங்கத்துப் பிள்ளைகளுக்கு உரிய இடம் ஒன்று கொட்டாஞ்சேனையில் இருக்கிறது, விவேகானந்த மேட்டில். சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பியபோது முதலில் கால் வைத்தது சென்னையிலல்ல, கொழும்பிலே. 1897 ஜனவரி 15ஆந் தேதி. மறுநாள் கொம்பனித்தெருவில் இருந்த புளோரல் ஹோல் மண்டபத்தில் பேசினார். மேல்நாட்டிலிருந்து மீண்ட பின் கீழைநாட்டில் அவர் ஆற்றிய முதற் பொதுச் சொற்பொழிவு அது. அவர் பெயரில் 1902இல் அமைந்ததே விவேகானந்த சபை. அந்தச் சபையின் சமயப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் கையை உயர்த்துங்கள் பார்க்கலாம். பாதி மண்டபம்! வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பீர்கள். அந்தக் கடதாசி எங்கிருந்து வந்தது என்று போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சரி, கையை இறக்குங்கள். 1927 நவம்பரில் காந்தியடிகளும் அந்தச் சபையாரின் வரவேற்பை ஏற்றார். அதே பிரயாணத்தில் நம் பதுளைக்கும் வந்து பேசினார்.

காலிமுகத்திடலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்றேன் அல்லவா? போங்கள். போனால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, அங்கே ஒரு சின்னக் கல் இருக்கிறது. அந்த நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கவர்னர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின் வரும் கவர்னர்களைக் கேட்டுக்கொண்டு வைத்த கல். பட்டம் விடுகிறவர்கள் அதில் நூற்கட்டையை வைத்திருப்பார்கள். மெதுவாக எடுக்கச் சொல்லிப் படியுங்கள். அவர் நினைத்த பெண்களில் நம் வீட்டுப் பெண்கள் அன்றைக்கு அடங்கவில்லை. இன்றைக்குத் தையல் தொழிற்சாலைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் தங்கைமார் லீவு நாளில் நாலு பேராகச் சேர்ந்து அங்கே காற்று வாங்குகிறார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டாவது, கடலைப் பார்த்து முடித்ததும் வடக்கே திரும்புங்கள். தூண்களோடு ஒரு பெரிய கட்டடம். இப்போது ஜனாதிபதி செயலகம். 1930ஆம் ஆண்டு திறந்தது முதல் சட்டசபையும், பிற்பாடு பாராளுமன்றமும் 1982இல் கோட்டேக்குப் போகும்வரை அங்கேதான் கூடின. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு அங்கத்தவர்கள் அந்தப் படியேறினார்கள். அடுத்த வருஷம், 1948இல், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதே மண்டபத்தில் நிறைவேறியது. 1952இல் அந்த ஏழு கதிரைகளிலும் நம் பிரதிநிதிகள் இல்லை. அந்த வருஷம் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், மாதக்கணக்கில் நடந்தது. திரும்ப ஒருவர் தேர்தலில் வென்று அந்தச் சபைக்குள் போனது 1977இல். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். இந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் அடையாள அட்டை இல்லாமல் எத்தனை வருஷம் நடந்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

என் தகப்பனார் ஒரே முறைதான் கொழும்புக்கு வந்தார். அவரை அங்கே கூட்டிப்போய் அந்தக் கட்டடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “இவ்வளவு கிட்டவா இருக்கிறது கடல்?” என்று மாத்திரம் கேட்டார். அவர் கட்டடத்தைப் பற்றிச் சொன்னாரா, வேறு எதையாவது நினைத்தாரா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இனி இல்லாமற்போன ஒன்றைச் சொல்கிறேன். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆந் தேதி தொடங்கியது. உலகத்திலே பெரிய தேயிலை ஏலங்களில் ஒன்று. கணக்கப்பிள்ளை ஐயாவுக்குத் தெரிந்த ஒரு பியோன் மூலமாக ஒரே ஒரு முறை ஏல மண்டபத்தின் பின்பக்கம் நின்று பார்த்தேன். கச்சான் காற்றடிக்கும் காலம், நம் ஊவாத் தேயிலைக்கு வாசனையும் விலையும் ஏறும் மாதங்கள். வாங்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் பட்டியல். மேலே இருப்பவர் இங்கிலீசில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போகிறார். சத்தமில்லாமல் ஒரு தலையாட்டல், பென்சில் நுனி உயர்த்தல், அவ்வளவுதான். திடீரென்று எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். என் அம்மா கொழுந்தெடுக்கும் தோட்டம்! என் உடம்பு சிலிர்த்தது. எத்தனை பேருடைய எத்தனை நாட்பாடு! அரை நிமிஷத்தில் விலை போய்விட்டது. அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் அந்த ஏலம் கணினிக்குள் போயிற்று. இப்போது நீங்கள் நின்று கேட்பதற்கு அப்படியொரு மண்டபம் இல்லை. வெலிமடை மரக்கறி லொறிகள் விடியற்காலையில் வந்து குவியும் மனிங் சந்தையும் 2020இல் புறக்கோட்டையை விட்டுப் பேலியகொடைக்குப் போய்விட்டது. இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

கடைசியாக ஒரு வேலை. இதற்கு ஞாயிறு உதவாது, வாரநாளில் லீவு வேண்டும். அடையாள அட்டையையும் எடுத்துப் போக வேண்டும். நூதனசாலையோடு சேர்ந்த நூலகம் ஒன்று உண்டு. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் 1885ஆம் ஆண்டு முதல் சட்டப்படி அங்கே சேர்ந்து வந்திருக்கின்றன. தேசிய சுவடிகள் காப்பகத்திலும் பழைய பத்திரிகைகள், நூல்கள், அரசாங்கக் கடிதங்கள் இருக்கின்றன. அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து படிக்கலாம். முதல் தடவை போனபோது எதைக் கேட்பதென்று தெரியாமல் முழித்தேன். “பெர்கியூசன் டைரக்டரி கேள்” என்று ஐயா சொல்லிக்கொடுத்திருந்தார். தடித்த புத்தகம். இலங்கையிலுள்ள தோட்டங்களெல்லாம் வரிசையாக இருக்கும்: பெயர், ஏக்கர், சொந்தக்காரக் கொம்பனி, துரையின் பெயர். எங்கள் தோட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். என் தாத்தா வேலை செய்த வருஷத்துப் புத்தகம். ஏக்கர் கணக்குச் சரியாக இருந்தது. துரையின் பெயர் இருந்தது. தாத்தா அந்தத் துரையைப் பற்றிச் சொன்ன கதைகள் எனக்குத் தெரியும். விரலை வைத்து அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். எங்களவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

தம்பிமாரே, தங்கைமாரே, இதை உங்களுக்குத் துக்கம் உண்டாக்கச் சொல்லவில்லை. அன்றைக்கு வெளியே வந்து ஒரு கொப்பி வாங்கினேன். தாத்தா பெயர், பாட்டி பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த லயம், எத்தனை பிள்ளைகள், எந்தக் கங்காணி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். தெரியாததை அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது கேட்டு எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்பத்து மூன்றிலும் தப்பிப் பிழைத்தது. அந்த ஜூலையில் நான் வேலை செய்த தெரு எரிந்தது. மடியில் அதையும் சம்பளப் பாக்கியில் ஒரு பகுதியையும் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். நம் பதுளையும் எரிந்திருந்தது என்பதை இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணக்கப்பிள்ளை ஐயா அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே தலைமன்னார்க் கப்பலில் இராமேஸ்வரம் போய்விட்டார். நல்லவேளை என்று அப்போது நினைத்தேன். பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியிருந்தார்: அங்கே அவரைச் சிலோன்காரர் என்கிறார்களாம்.

நம் சங்கத்து மலரும் அச்சாகிறது அல்லவா? அச்சுக்கூடத்தார் சட்டப்படி பிரதிகளை அனுப்பினால் அதுவும் அந்த அலுமாரிகளில் ஒன்றில் போய் உட்காரும். ஆகவே அதிலே கவிதையும் வாழ்த்துச் செய்தியும் போடுகிற இடத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, ஒவ்வொரு வருஷமும் ஒரு தோட்டத்துப் பெரியவர்களின் பெயர்களையும் அவர்கள் சொல்லும் கதைகளையும் அச்சிட வேண்டும் என்று செயலாளரையும் மலர்க்குழுவினரையும் கேட்டுக்கொள்கிறேன். வாழ்த்துச் செய்தி தருகிற பெரியமனிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

அந்தத் துணிக்கடைப் பையனிடம் இதில் கொஞ்சம் அன்றைக்கே சொன்னேன். பொங்கலுக்கு வந்தபோது, “ஐயா, சுந்தரரைப் பார்த்துவிட்டேன். செருப்பைக் கழற்றினேன், காவற்காரர் ஏசினார்” என்றான். இந்த முறை அவனோடு இன்னும் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மருதானையில் காலை ஒன்பது மணிக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. முதலில் கப்பித்தாவத்தை, பிறகு பஸ்ஸில் நூதனசாலை. என் முழங்காலுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக நடக்கச் சம்மதிக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சோறு அவரவர் கட்டிக்கொண்டு வர வேண்டும்.